தலைமைச் சாவிப் பூட்டு

தலைமைச் சாவிப் பூட்டு என்பது, தனக்குரிய சாவியாலும் பல பூட்டுகளுக்குப் பொதுவான மற்றொரு சாவியாலும் திறக்கத்தக்க பூட்டு ஆகும். பொதுவான சாவி தலைமைச் சாவி அல்லது மாஸ்டர் சாவி எனப்படும். விடுதிகள், பல்கலைக்கழகங்கள், அலுவலகக் கட்டடங்கள் ஆகியவற்றில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. பூட்டின் உள்நிலை கைவிரலுக்கு எவ்வாறு புலப்படுகிறது என்பதை அறிந்தால், இம்முறையின் வசதியும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதைக் காணலாம்.

அமைப்பு

இத்தகைய பூட்டுகளில் பெரும்பாலானவை முளைப்பூட்டு வகையைச் சார்ந்தவை. பண்டைய எகிப்திய மரப்பூட்டுகளிலேயே காணப்பட்ட இத்தத்துவத்தை அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் செம்மைப்படுத்தி 1861, 1865 ஆம் ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். அசையாத கூட்டினுள் சுழலும் உருளை ஒன்று உள்ளது. இரண்டையும் ஊடுருவும் துளைகள் ஒவ்வொன்றிலும் கீழ்முளை, மேல்முளை, சுருள்வில் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். உருளையும் கூடும் சந்திக்கும் இடத்தைப் பிரிகோடு என்போம். எல்லாத் துளைகளிலும் இரு முளைகளின் இடைவெளி பிரிகோட்டுக்கு வந்தால் மட்டுமே உருளை சுழலும்.

தலைமைச் சாவிக்காக, இரு முளைகளுக்கும் நடுவே மெல்லிய இடைவில்லை ஒன்று சேர்க்கப்படுகிறது. இதனால் அத்துளையில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இடைவெளிகள் உண்டாகின்றன. ஒன்று அறைச் சாவிக்கும் மற்றது தலைமைச் சாவிக்கும் உரியது. ஆனால் பூட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆறு துளைகளிலும் வில்லை இருப்பின் 2×2×2×2×2×2 = 64 வெவ்வேறு சாவிகள் அப்பூட்டைத் திறக்கும். அவற்றுள் இரண்டே வேண்டியவை. எஞ்சிய 62இல் ஒன்று வேறோர் அறைக்கு வழங்கப்பட்டுவிட்டால் சிக்கல்தான்.

தொடுகை உணர்வு

துளைகள் மிகத் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தால், உருளையை இலேசாகத் திருப்பும்போது எல்லா முளைகளும் ஒருசேர இறுகும். உற்பத்தியில் நேரும் நுண்ணிய பிசகுகளால் ஒரு முளையே முதலில் இறுகுகிறது. நெம்புகம்பியால் அதை உயர்த்துகையில் இடைவெளி பிரிகோட்டை அடைந்ததும் உருளை மயிரிழையளவு நகரும். மெல்லிய சொடுக்கொன்று விரலில் உணரப்படும். மேல்முளை உருளையின் விளிம்பில் தங்கிவிடுவதால் கீழ்முளை வில்லின் அழுத்தமின்றித் தளர்ந்துவிடும்.

இடைவில்லை உள்ள துளையில் இந்த நிகழ்வு இரண்டு உயரங்களில் ஏற்படலாம். வில்லையின் மேல்விளிம்பு பிரிகோட்டை அடையும்போது ஒன்று. கீழ்விளிம்பு அடையும்போது மற்றொன்று. இரண்டும் விரலுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முதல் உயரத்தைத் தவறவிட்டாலும் இன்னொன்று மேலே காத்திருக்கிறது. ஆகவே சாதாரணப் பூட்டைவிட இது எளிதில் திறக்கக்கூடியது. எனினும் இவ்வாறு திறந்தவர் 64 சேர்க்கைகளுள் ஏதோ ஒன்றை அடைந்தாரேயன்றித் தலைமைச் சாவியின் வடிவத்தை அறிந்தவராகார்.

2003 ஆம் ஆண்டின் ஆய்வு

தலைமைச் சாவியையே கண்டறியும் வழி வேறு. அப்போது ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் பணியாற்றிய மறையீட்டியலாளர் மேட் பிளேஸ் 2003 இல் அதனை விரிவாக வெளியிட்டார். அறைச் சாவி ஒன்றை முறைப்படி பெற்றவர், அதில் ஒரு வெட்டின் உயரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால், பூட்டு திறக்கும் வேறு உயரம் அந்த இடத்தில் தலைமைச் சாவிக்குரியது. ஆறு இடங்களும் இடத்துக்குப் பத்து உயரங்களும் உள்ள பூட்டில் மொத்தச் சேர்க்கைகள் 10,00,000. தேவைப்படும் சோதனைகளோ அதிகபட்சம் 6×9 = 54 தான்! கடவுச்சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் சரியா தவறா எனத் தனித்தனியே விடை சொல்லும் கணினி நிரலை இதற்கு ஒப்பிடலாம். பூட்டுத் தொழிலாளர் சிலர் இதை முன்பே அறிந்திருந்தனர். பொதுவில் வெளியிட்டதைக் குறைகூறியோரும் உண்டு. ஆயினும் இந்த ஆபத்தைத் தாங்கவேண்டியவர்கள் கட்டடத்தில் குடியிருப்போர் என்பதால், அவர்கள் அறியாதிருப்பதில் நியாயம் இல்லை.

தடுப்பு முறைகள்

வெற்றுச் சாவிகள் எளிதில் கிடைக்காதவாறு கட்டுப்படுத்துவது ஓரளவே பயன்தரும்; உலோகத்தை அராவத் தெரிந்தவருக்கு அது பெருந்தடையன்று. தலைமைச் சாவிக்கு உரியதல்லாத உயரங்களிலும் போலி இடைவெளிகளை அமைத்தால் சோதனையின் விடை குழம்பும். ஆனால் தவறான சாவிகள் திறக்கும் வாய்ப்பு கூடிவிடும். உருளையைச் சுற்றித் தனி வளையம் அமைத்து, தலைமைச் சாவிக்கென முழுமையான இரண்டாவது பிரிகோட்டை வழங்கும் பூட்டுகளில் இரு சாவிகளின் உயரங்களையும் கலந்து பயன்படுத்த இயலாது. எனவே மேற்கூறிய சோதனை அவற்றில் பலிப்பதில்லை. பொருட்காப்பறை போன்ற முக்கிய அறைகளைத் தலைமைச் சாவித் தொகுதியில் சேர்க்காமல் தனிப் பூட்டிடுவது செலவு குறைந்த வழியாகும்.