தேரைக்கு இட்ட பெயர்

உலகத்துப் பொருள்களை அறிய விரும்புவோன் முதற்கண் அவற்றிற்குப் பெயரிடுகின்றான்; பின்னர் ஒத்தனவற்றை ஒருங்கு வைத்தும் ஒவ்வாதனவற்றைப் பிரித்தும் இனம் வகுக்கின்றான். இவ்விரு தொழிலும் தமிழர்க்குப் புதியன அல்ல. தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தார். நிகண்டு நூலார் விலங்கிற்கும் புள்ளிற்கும் வழங்கிய பெயர்களைத் தொகுத்தனர். ஆயினும், இக்கால உயிர்நூலார் இடும் பெயர்களைக் கேட்டவுடன் நம்மவருட் பலர் முகஞ் சுளிக்கின்றனர். வாயில் நுழையாத இலத்தீன் பெயர் எதற்கு? அதனையும் இடையிடையே மாற்றுவது எதற்கு? இவ்விரு வினாக்களுக்கும் நம் வீட்டு முற்றத்துத் தேரையைக் கொண்டே விடை காண்போம்.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்த இருக்கன்குடியில், ஐப்பசி மழை கரிசல் நிலத்தை நனைத்த இரவுகளில், நீர் தேங்கிய பள்ளந்தோறும் தேரையின் குரல் எழும். விளக்கடியில் வந்து விழும் ஈசலை உண்ண அது அசையாது அமர்ந்திருக்கும். அதனைச் சிலர் தேரை என்பர்; சிலர் சொறித்தவளை என்பர். இனி, சுவரிலும் மரத்திலும் ஒட்டித் திரியும் மெல்லிய மரத்தவளையையும் தேரை என்றே கூறுவாருளர். ஒரு பொருளுக்குப் பல பெயரும் பல பொருளுக்கு ஒரு பெயரும் வழங்குதல் செய்யுளுக்கு அணியாகும்; ஆராய்ச்சிக்கோ இடராகும்.

இவ்விடரை நீக்கப் புகுந்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்னும் அறிஞர். 1758-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூற்பதிப்பில், ஒவ்வொரு விலங்கிற்கும் இருசொற் பெயர் இடும் முறையை அவர் நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாஞ்சொல் சிற்றினத்தைக் குறிக்கும். நாம் ‘செந்தாமரை’ என அடையை முன்னும் பெயரைப் பின்னும் வைக்கின்றோம். அவர் பெயரை முன்னும் அடையைப் பின்னும் வைத்தார். வேற்றுமை அவ்வளவே.

பெயரிடும் முறை நன்றாயினும் அவர் வகுத்த இனங்கள் யாவும் நிலைபெறவில்லை. ஐரோப்பியக் குளங்களில் நியூட் என்னும் சிற்றுயிர் ஒன்று உண்டு. அது தவளைக்கு உறவாகிய நீர்நில வாழ்வது. ஆயினும் நீண்ட வாலுடையது. இந்தியாவில் இதன் உறவினங்கள் கீழை இமயப் பகுதியில் வாழ்வன, தமிழ்நாட்டில் இல்லை. வாலைக் கண்ட லின்னேயஸ் அதனைப் பல்லியோடு சேர்த்து, லசெர்ட்டா வல்காரிஸ் என்றார். பல்லிக்குச் செதிலுண்டு, நியூட்டுக்கோ செதிலற்ற ஈரத்தோலே உண்டு. ஆதலின் பின்வந்தோர் அதனைப் பிரித்தனர். இன்று அதன் பெயர் லிஸோட்ரைட்டன் வல்காரிஸ். முதற்சொல் மாறியது, ‘வல்காரிஸ்’ என்னும் இரண்டாஞ்சொல் மாறவில்லை. இதனை நினைவிற் கொள்க.

நம் தேரைக்குப் பெயரிட்டவர் செருமானிய நாட்டு ஷ்னைடர் என்பவர். இவர் கிரேக்க மொழிப் புலவர். அம்மொழிக்கு அகராதி இயற்றியவர். அரிஸ்டாட்டிலின் விலங்கு நூலையும் பதிப்பித்தவர். 1799-இல் வெளியிட்ட நூலில் இவர் நம் தேரைக்கு பூஃபோ மெலனோஸ்டிக்டஸ் எனப் பெயரிட்டார். பூஃபோ என்பது தேரையைக் குறிக்கும் இலத்தீன் சொல். மெலாஸ் என்பது கருமை. ஸ்டிக்டோஸ் என்பது புள்ளியிடப்பட்டது. எனவே ‘கரும்புள்ளித் தேரை’ என்பதே அதன் பொருள். தேரையின் முதுகிலுள்ள கொப்புளங்களின் நுனி கறுத்திருத்தலைக் கண்டோர், அப்பெயரின் பொருத்தத்தை உணர்வர்.

1802-இல் பிரெஞ்சு அறிஞர் தோதேன் இதே தேரைக்கு பூஃபோ பெங்காலென்ஸிஸ் என வேறொரு பெயரிட்டார். ஒரே உயிர்க்கு இரு பெயர் நேர்ந்தால், முந்தியதே நிற்கும் என்பது விதி. ஆகவே ஷ்னைடர் இட்டதே நின்றது.

இருநூறாண்டுகள் கடந்தபின், 2006-இல் ஃபிராஸ்ட் என்பவரும் அவரொடு உழைத்தோரும் உலகத்து நீர்நில வாழ்வனவற்றின் மரபணுக்களை ஒப்புநோக்கினர். ஐரோப்பியத் தேரையும் நம் தேரையும் ஒரே பேரினத்தில் வைத்தற்குரியன அல்ல என அவர்கள் கண்டனர். நம் தேரைக்கும் அதன் உறவினங்களுக்கும் டட்டாஃபிரைனஸ் என்னும் புதிய பேரினம் வகுக்கப்பெற்றது. இந்தியத் தவளைகளை ஆராய்ந்த சுஷில் குமார் தத்தா என்னும் அறிஞரின் பெயரும், தேரை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் இணைந்து அமைந்தது அது. இன்று நம் தேரையின் முழுப்பெயர்: டட்டாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் (ஷ்னைடர், 1799). பெயரிட்டவர் பிறை வளைவினுள் நிற்பது, அவர் வைத்த பேரினத்தினின்றும் அச்சிற்றினம் மாறியுள்ளது என்பதற்கு அடையாளம்.

பால் பொருத்தமும் இங்கு உண்டு. தோதேன் இந்தியப் பெருந்தவளைக்கு ரானா டைகரினா எனப் பெயரிட்டார். ‘ரானா’ பெண்பாற் சொல்லாதலின் அடையும் பெண்பாலாயிற்று. பின்னர் அது ஹாப்ளோபட்ராக்கஸ் என்னும் ஆண்பாற் பேரினத்திற்கு மாறவே, அடையும் ‘டைகரினஸ்’ எனத் திரிந்தது. திணை பால் இயைபு பயின்ற நமக்கு இது வியப்பன்று.

ஆகவே பெயர்மாற்றம் அறிஞரின் மனம்போன போக்கன்று. இரண்டாஞ்சொல் அவ்வுயிர் இன்னதெனக் காட்டுவது. ஆதலின் அது நிலைத்து நிற்கும். முதற்சொல் அதன் உறவைக் கூறுவது. உறவைப் பற்றிய அறிவு திருந்துங்கால் அதுவும் திருந்தும். தொல்காப்பியனார் அறிவின் அளவால் உயிரை வகுத்தார். இக்காலத்தார் பிறப்பின் வழியால் வகுக்கின்றனர்.

இதனாற் பயன் யாதெனின், கூறுதும். மடகாஸ்கர்த் தீவில் இயல்பாகத் தேரையினம் இல்லை. 2014-இல், அங்குள்ள துவமசினாத் துறைமுகப் பகுதியில் ஆசியத் தேரை புகுந்து பெருகியுள்ளதெனும் செய்தி வெளியாயிற்று. தேரையின் தோலில் நஞ்சுண்டு. அதனை அறியாத அத்தீவின் பாம்பும் பிறவும் அதனை உண்டு மடியும். அஃது எங்கிருந்து வந்ததென்று அறிந்தாலன்றி, மீண்டும் புகாமல் வழியடைத்தல் அரிது. மரபணுவை ஆராய்ந்தோர், அது கம்போடியா, வியட்நாம் பகுதியினின்றும் வந்தது என 2017-இல் கூறினர். அப்பகுதித் தேரைகளும் இந்தியத் தேரைகளும் தம்முள் பெரிதும் வேறுபடுகின்றன. ஒரு பெயரின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் மறைந்திருக்கலாம் என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. அங்ஙனம் பிரிக்க நேரின், ஷ்னைடர் எந்தத் தேரையைக் கண்டு பெயரிட்டாரோ அதனுடைய இனத்திற்கே பழம்பெயர் உரியதாகும். ஏனையவற்றிற்கு வேறு பெயர் வேண்டும்.

தேரைக்குப் பெயரிட்டவர் ஓர் அகராதிப் புலவர் என்பதை நம் தமிழ் மாணாக்கர் மறத்தலாகாது. உலகப்பெயர் ஒன்று இருத்தலால் ஊர்ப்பெயர் வேண்டா என்பதில்லை. எவ்வூரில் எவ்வுயிரைத் தேரை என்கின்றனர், எதனைச் சொறித்தவளை என்கின்றனர் என்பதை உயிரை நேரிற் கண்டு குறித்து, அதன் அருகே இருசொற் பெயரையும் எழுதி வைப்போமாயின், நம் நாட்டுச் சொற்களும் பொருள் மயங்காது நிலைபெறும். விடுமுறையில் ஊர்செல்லும் மாணாக்கர் ஒருவர் பத்துப் பெயர் கொணரினும் அது நற்றொடக்கமாகும்.