பருப்பு ஏன் வேகவில்லை?

"திரவத்தின் கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது" என்ற வரியை நாம் எத்தனை முறை எழுதியிருப்போம்! அரையாண்டுத் தேர்வில் அந்த வினாவுக்கு எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் சென்ற கோடை விடுமுறையில் ஓர் உழக்குத் துவரம்பருப்பு அதே வினாவை என்னிடம் கேட்டபோது, நான் திருதிருவென்று விழித்தேன்.

பெரியப்பா குடும்பத்தாரும் நாங்களுமாக ஒன்பது பேர் உதகைக்குப் புறப்பட்டோம். ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து, நாங்களே சமைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மூட்டை கட்டும்போது, "குக்கர் எதற்கு? வீண் சுமை. அங்குள்ள பாத்திரத்தில் வேகாதா என்ன?" என்று அதை எடுத்து வெளியே வைத்தவள் நான்தான்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய ரயில் இது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. கல்லாறு தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். சில இடங்களில் 12 மீட்டர் நகர்வதற்குள் 1 மீட்டர் உயர வேண்டும். வழவழப்பான சக்கரம் உராய்வை மட்டும் நம்பி அதில் ஏறினால் வழுக்கிவிடும். ஆகவே குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விப் பிடித்து ஏறுகிறது. இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது.

இதையெல்லாம் தம்பிக்கு விளக்கிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் வேறு இரண்டு செய்திகள் என் கண்ணெதிரே நடந்தும் நான் பொருட்படுத்தவில்லை. குன்னூரை நெருங்கும்போது அவனுக்குக் காது அடைத்தது. எச்சிலை விழுங்கியதும் சரியாயிற்று. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் தலையணைபோல் உப்பிவிட்டது. காதுக்குள்ளும் பாக்கெட்டுக்குள்ளும் இருந்தது சமவெளிக் காற்று. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால், உள்ளே இருந்த காற்று வெளிநோக்கித் தள்ளியது. அவ்வளவுதான்!

மாலையில் பருப்பை அடுப்பிலேற்றினோம். தண்ணீர் விரைவிலேயே தளதளவென்று கொதித்தது. ஒரு மணி நேரமாயிற்று; பருப்பை எடுத்து நசுக்கினால் கல்லுப்போல் இருந்தது. "தீயைக் கூட்டு" என்றார் பெரியப்பா. கூட்டினோம். தண்ணீர்தான் வற்றியது. "இந்த ஊர்த் தண்ணீரே சரியில்லை" என்றார் பெரியம்மா. இரவு பத்து மணிக்கு எல்லோரும் ரசம் சோற்றோடு எழுந்தோம். பல் வலியால் அவதிப்பட்டுக்கொண்டிருந்த பெரியம்மா குழைந்த பருப்புச் சோற்றையே நம்பியிருந்தார். அவர் பாதி வயிற்றோடு படுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பழி தண்ணீர்மேல் அல்ல, என்மேல்!

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். தண்ணீரை அழுத்திப் பிடிக்கும் கை தளர்ந்துவிட்டதால், அது சுமார் 93 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. கொதிக்கத் தொடங்கியபின் எவ்வளவு தீ வைத்தாலும் அந்த வெப்பம் ஆவியாக்கவே செலவாகும், வெப்பநிலை ஏறாது. பருப்பை வேகவைப்பது கொதிப்பின் ஆரவாரம் அல்ல, வெப்பநிலையே. ஏழு டிகிரிதானே என்று எண்ணாதீர்கள். அந்த ஏழுதான் எங்களைப் பட்டினி போட்டது.

குக்கர் செய்வது இதற்கு நேர்மாறு. ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால், சமவெளியில் அதனுள் வெப்பநிலை சுமார் 120 டிகிரி வரை ஏறுகிறது. மலையில் அதைவிடச் சற்றுக் குறையும். ஆனால் பருப்புக்கு அது தாராளம்.

"சாதாரண மூடியின்மேல் கல்லை வைத்தால்?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி! காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடி வழியே, குறைந்துபோன அழுத்தத்தை ஈடுசெய்ய ஏறக்குறைய 75 கிலோ எடை வேண்டும். பெரியப்பாவே ஏறி உட்கார வேண்டியதுதான்! (யாரும் முயல வேண்டாம். ரப்பர் வளையம் இல்லாத மூடியின் ஓரத்தில் ஆவி பீறிட்டுக் கையைச் சுட்டுவிடும்.)

மறுநாள் முதல் பருப்பை முந்தைய இரவே ஊறவைத்தோம். பாசிப்பருப்பும் கை கொடுத்தது. பெரியம்மா என்னை மன்னித்துவிட்டார், என்றாலும் ஒவ்வொரு வேளையும், "எங்கே நம் விஞ்ஞானி?" என்று கேட்கத் தவறவில்லை.

திரும்பும்போது உதகையில் ஒரு காலி பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியை இறுக மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். மேட்டுப்பாளையத்தில் எடுத்துப் பார்த்தால், யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கிப்போயிருந்தது! பெரியம்மாவிடம் நீட்டினேன். மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்தது, புட்டியும் நிமிர்ந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் இங்கே பருப்பு வேகும், இல்லையா?" என்றார்.