கேள்வி, தீர்மானம், சட்டம்: சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் அன்றாட வேலைகள்

எட்டாம் வகுப்புக் குடிமையியலில் மாநில அரசு பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சிக்கல் வரும். சட்டமன்றத்தில் எத்தனை உறுப்பினர்கள், பதவிக்காலம் எத்தனை ஆண்டு என்று கேட்டால் மாணவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். "அங்கே உட்கார்ந்து காலையிலிருந்து மாலை வரை என்ன செய்வார்கள்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். தொலைக்காட்சியில் பார்த்த வெளிநடப்பை மட்டும் ஓரிருவர் சொல்வார்கள்.

இதற்கு விடை தர, நூறாண்டுக்கு முந்தைய சென்னை மாகாணச் சட்டமன்றத்தை எடுத்துக்கொள்வது எனக்கு உதவியாக இருக்கிறது. இன்றைய நடைமுறைகள் பலவும் அங்கே வேர்விட்டவை. அதோடு, கொத்தமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களும் அந்த வரலாற்றில் வருகின்றன.

கேட்கும் உரிமை வந்த விதம்

1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாகாண சபை, சட்டமுன்வடிவுகளைப் பற்றி மட்டுமே பேசலாம். உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்கள். அரசைக் கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. 1892இல் கேள்வி கேட்கவும் வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கவும் அனுமதி கிடைத்தது. ஆனால் கிடைத்த பதிலை மேலும் கிளறிக் கேட்க முடியாது. 1909இல், கேள்வி கேட்டவரே துணை வினா எழுப்பலாம் என்று ஆனது. தீர்மானம் கொண்டுவரும் உரிமையும் வந்தது. கேள்வி, துணை வினா, தீர்மானம் என்ற இந்த மூன்று படிகளைக் கடக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இரட்டை ஆட்சியைக் கொண்டுவந்தது. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை போன்ற துறைகள் சபைக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர்களிடம் வந்தன. காவல், நிதி, நிலவருவாய் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தன. 1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. 1921 ஜனவரி 12 அன்று கன்னாட் கோமகன் சபையைத் தொடங்கி வைத்தார். நிர்வாகக் குழுவினர் நீங்கலாக உறுப்பினர்கள் 127 பேர். அவர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

இந்த இடத்தில் மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்வேன். மாகாணத்தின் மக்கள்தொகை நான்கு கோடிக்கு மேல். வாக்காளர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். அப்படியென்றால் நூற்றுக்கு மூன்று பேர்! வரி கட்டுவோருக்கும் சொத்து உள்ளோருக்குமே பெரும்பாலும் வாக்குரிமை. "உங்கள் பாட்டனார் வீட்டில் யாருக்கு ஓட்டு இருந்திருக்கும்?" என்று கேட்டால், வாக்குரிமையின் பொருள் அவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது.

சபையின் ஒரு நாள்

கூட்டம் புனித ஜார்ஜ் கோட்டையில் நடந்தது. இன்று பேரவைத் தலைவர் என்கிறோமே, அந்தப் பதவிக்கு அன்று 'பிரசிடெண்ட்' என்று பெயர். முதலில் அப்பதவியை வகித்தவர் சர் பி. இராஜகோபாலாச்சாரி. (இவரும் இராஜாஜியும் வேறு வேறு ஆட்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.) நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாத உறுப்பினர் தமிழ், தெலுங்கு போன்ற மாகாண மொழிகளில் பேச விதி இடம் கொடுத்தது.

முதலில் கேள்வி நேரம். உறுப்பினர் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சபையில் வாய்மொழியாகப் பதில் வேண்டுமென்றால் அதற்கு நட்சத்திரக் குறி இடப்படும். பதில் வந்ததும் துணை வினாக்கள் தொடரும். கேள்வியும் பதிலும் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். கேள்வி நேரத்தின் வலிமையே இதுதான். அலுவலகத்தில் கொடுத்த மனு கோப்புக்குள் காணாமல் போகலாம். சபையில் கேட்ட கேள்வியை அப்படித் தொலைக்க முடியாது. திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி 1920களில் இந்தச் சபையில் உறுப்பினராக இருந்தார். பின்னாளில் மத்திய சட்டமன்றத்தில் கூர்மையான கேள்விகளுக்காகவே பெயர் பெற்றார்.

அடுத்தது பணம். ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையை மானியக் கோரிக்கையாகச் சபை முன் வைக்கும். அதைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் தரலாம். பல நேரங்களில் குறைக்கச் சொல்லும் தொகை நூறு ரூபாய்தான். லட்சக்கணக்கான ரூபாயில் நூறு ரூபாயைக் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். பணத்தைக் குறைப்பது அங்கே நோக்கமல்ல. அந்தத் துறையின் குறையைப் பேச ஒரு வாய்ப்பைப் பெறுவதே நோக்கம். ஆனால் சபையின் கைக்கு ஓர் எல்லையும் இருந்தது. காவல் போன்ற ஒதுக்கப்பட்ட துறைகளுக்குச் சபை மறுத்த தொகையை, அவசியம் என்று சான்றளித்து ஆளுநர் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தீர்மானம். தீர்மானம் என்பது அரசுக்குச் சபை செய்யும் பரிந்துரை. அதற்குச் சட்டத்தின் வலிமை கிடையாது. ஆனாலும் சில தீர்மானங்கள் காலத்தையே மாற்றின. பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானம் 1921 ஏப்ரல் 1 அன்று நிறைவேறியது. தாழ்த்தப்பட்ட மக்களை இழிவாகச் சுட்டிய பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று குறிக்க வேண்டும் என எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானம் 1922இல் நிறைவேறியது, அரசாணையும் வெளிவந்தது.

நான்காவது, சட்டம். சட்டமுன்வடிவை அறிமுகம் செய்வார்கள். தெரிவுக் குழுவுக்கு அனுப்புவார்கள். குழு திருத்தித் தந்ததைப் பிரிவு பிரிவாக விவாதித்து வாக்கெடுப்பார்கள். சபை நிறைவேற்றினாலும் ஆளுநரின் ஒப்புதலும் தலைமை ஆளுநரின் ஒப்புதலும் வேண்டும். நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் கல்லூரிகளை நிறுவினார். ஆனால் பட்டம் வழங்கும் அதிகாரத்தை நன்கொடையால் மட்டும் பெற்றுவிட முடியாது. அதற்குச் சபை தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் 1929இல் செயல்படத் தொடங்கியது.

இருபது ஆண்டுப் பயணம்

இந்த வேலைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதைக் காட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பணியை நான் பயன்படுத்துகிறேன். புதுக்கோட்டையில் பிறந்த அவர் சபைக்கு நியமிக்கப்பட்டு, துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். அது பரிந்துரை மட்டுமே என்பதால் அவர் அதோடு நிற்கவில்லை. 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டுதலையே முழுமையாகத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது.

தீர்மானத்திலிருந்து முழுத் தடைக்கு இருபது ஆண்டுகள். அதற்குள் எத்தனை சிறுமிகளின் வாழ்க்கை அந்த வழக்கத்தில் சிக்கியிருக்கும்! சட்டமன்ற நடைமுறை மெதுவானது என்பதையும், அந்தத் தாமதத்தின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விடாமல் முயன்றால் அந்த நடைமுறை பலன் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இரண்டு பாடவேளைகளில் இதை நடத்தலாம். முதல் வேளையில் மாணவர்கள் தம் தெருவின் அல்லது பள்ளியின் ஒரு குறையை ஆளுக்கொரு தாளில் எழுதட்டும். பிறகு வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரே குறையை நான்கு வடிவங்களில் எழுதச் சொல்லுங்கள். குடிநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம்.

கேள்விக் குழு: "தொட்டி கடைசியாக எந்தத் தேதியில் சுத்தம் செய்யப்பட்டது?"
நிதிக் குழு: "பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு?"
தீர்மானக் குழு: "மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய இக்கூட்டம் பரிந்துரைக்கிறது."
சட்டக் குழு: யார் செய்ய வேண்டும், எப்போது, செய்யாவிட்டால் என்ன என்பதைச் சொல்லும் மூன்று விதிகள்.

இரண்டாம் வேளையில் ஒருவர் தலைவராக அமரட்டும். ஒருவர் எல்லாவற்றையும் எழுத்தில் பதியட்டும். பேசத் தயங்கும் மாணவருக்கு முதல் கேள்வியைக் கொடுங்கள். எழுதி வைத்ததை வாசிப்பது அவருக்கு எளிது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கேள்வி வடிவத்தை மட்டும் வைத்து வாரம் ஒருநாள் பத்து நிமிடம் நடத்தலாம்.

"தண்ணி நல்லா இல்ல சார்" என்ற புலம்பல், தேதியும் தொகையும் கேட்கும் கேள்வியாக மாறுவதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கிறார்கள். புலம்பலைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் எழுதியவற்றில் பொருத்தமான ஒன்றைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். கிராம சபை கூடும் நாள்களில் பெற்றோருடன் சென்று, தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். கிடைத்த பதிலை வகுப்பில் வாசியுங்கள். பதில் வரவில்லையென்றால் அதையும் தேதியோடு குறித்து வைத்து, அடுத்த கூட்டத்தில் துணை வினாவாக எழுப்பச் சொல்லுங்கள்.