பாயிரமும் முன்மொழிவு மடலும்: ‘குறிஞ்சித்தேன்’ நாவலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நூலாசிரியரோ மொழிபெயர்ப்பாளரோ தம் நூலை ஏற்குமாறு வேண்டி இலக்கிய முகவருக்கு எழுதும் ஒரு பக்க மடலை இக்கட்டுரை முன்மொழிவு மடல் என்று குறிக்கிறது. ஆங்கிலப் பதிப்புலகில் உருவான இவ்வடிவத்தின் உறுப்புகள், நன்னூல் கூறும் சிறப்புப் பாயிர உறுப்புகளோடு பெரிதும் ஒத்துள்ளன. நீலகிரியைக் களமாகக் கொண்ட ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ நாவலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அம்மடல் எழுதப்பட வேண்டிய முறையையும் அதில் நேரக்கூடிய பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பாயிரம், நன்னூல், இலக்கிய முகவர், முன்மொழிவு மடல், நீலகிரி, குறிஞ்சித்தேன், மொழிபெயர்ப்பு உரிமை.

1. முன்னுரை

‘குறிஞ்சித்தேன்’ 1963இல் வெளிவந்தது. உமா நாராயணன், பிரேமா சீதாராம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பலவாகலாம். எனினும் தமிழ்ப் பதிப்புலகில் ஆசிரியருக்கும் பிறமொழிப் பதிப்பாளருக்கும் இடையே நின்று நூலை எடுத்துச்சொல்லும் முகவர் என்னும் நிலை நெடுங்காலம் இருந்ததில்லை என்பது எண்ணத்தக்கது. தமிழ் எழுத்தாளர் பதிப்பாளரிடம் நேரில் கைப்படியைக் கொடுத்தார். அல்லது இதழில் தொடராக எழுதினார்.

இந்நிலை இன்று மாறிவருகிறது. பெங்களூரின் ஜக்கரண்டா, ஜெய்ப்பூரின் சியாஹி முதலிய முகமைகள் இந்திய எழுத்தாளர்களுக்காகச் செயற்படுகின்றன. 2023 சனவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு முதன்முறையாக நடத்திய பன்னாட்டுப் புத்தகக் காட்சியும், அதனோடு அறிவிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு நல்கையும் உரிமைப் பரிமாற்றத்தை ஒரு துறையாகவே முன்னிறுத்தின. ஆகவே முன்மொழிவு மடலை எழுதும் முறை தமிழாய்வாளரும் அறியவேண்டிய ஒன்றாகியுள்ளது.

2. பாயிர உறுப்புகளும் மடலின் உறுப்புகளும்

ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சிறப்புப் பாயிரம் காட்டவேண்டும் என்பது பவணந்தி முனிவரின் விதி. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துரைப்போர் உண்டு என்றும் அவர் குறிக்கிறார். முகவர் ஒரு மடலில் தேடும் செய்திகளும் இவையே.

நூற்பெயர், வகை, சொல்லளவு ஆகியவை மடலின் முதற்பத்தியில் இடம்பெறும். நுதலிய பொருள் ஒன்றிரண்டு பத்திகளில் கதையின் மையச் சிக்கலைக் கூறும். முடிவைக் கூறுவது தனியே இணைக்கப்படும் கதைச்சுருக்கத்தின் வேலை. வழி என்பது மரபில் நூல் வந்த நெறியைச் சுட்டும். மடலில் அதனிடத்தில் ஒப்புநூல்கள் நிற்கின்றன. கேட்போர் என்பது வாசகர் யார் என்பதற்கான விடை. ஆக்கியோன் பெயர் என்பது, இந்நூலை எழுத இவர் ஏன் உரியவர் என்னும் வினாவிற்கான விடையாக விரிகிறது. யாப்பின் நால்வகையுள் மொழிபெயர்ப்பும் ஒன்று எனப் பவணந்தியார் கூறுவது இங்குக் கருதத்தக்கது. மொழிபெயர்ப்பாயின் அதை மடலின் தொடக்கத்திலேயே வெளிப்படுத்துவது முறை.

இவையனைத்தும் முந்நூறு, நானூறு சொற்களுக்குள் அடங்கவேண்டும். புனைகதையாயின் கைப்படி முழுமை பெற்ற பின்னரே மடல் விடுக்கப்படும்; மொழிபெயர்ப்பாயின் மாதிரி இயல்களோடும் அனுப்புவதுண்டு. ஒவ்வொரு முகமையும் வேண்டும் இணைப்புகள் வேறுபடுவதால் அவற்றின் அறிவிப்பைப் படித்தே அனுப்புதல் வேண்டும்.

3. ‘குறிஞ்சித்தேன்’: ஒரு செயல்முறை

இந்நாவலுக்கு இன்று ஒரு புதிய மொழிபெயர்ப்பாளர் மடல் எழுதுவதாகக் கொள்வோம். அவர் எளிதில் எழுதிவிடக்கூடிய முதல் தொடர் இவ்வாறு அமையலாம்: “மூடுபனி சூழ்ந்த நீலமலையின் பழங்குடி மக்களுடைய மர்ம உலகை இந்நாவல் திறந்துகாட்டுகிறது.” இத்தொடரில் பாத்திரம் இல்லை, சிக்கல் இல்லை, காலமும் இல்லை. அதனினும் பெரிய குறை பொருட்பிழையாகும். நாவல் பேசுவது படகர் சமூகத்தை. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரைப்போலப் படகர் அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் இல்லை. அது குறித்த கோரிக்கை நெடுநாளாக உள்ளது. மடலில் ஆளும் ஒரு சொல் பின்னட்டைக்கும் மதிப்புரைக்கும் செல்லக்கூடும். முகவர் தவற்றைக் கண்டறிவார் என்று எதிர்பார்க்க இயலாது. மடலின் பிழை நூலின் பிழையாக நிலைத்துவிடும்.

மாற்றாக இவ்வாறு எழுதலாம்: “பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியால் காலம் அளக்கப்படும் படகர் சிற்றூரில் பிறந்த ஜோகி, பணப்பயிரும் நீர்மின் திட்டமும் தன் மண்ணை மாற்றிவிடுவதைத் தன் வாழ்நாளுக்குள்ளேயே காண்கிறான்.” இத்தொடர் களத்தையும் காலத்தையும் சிக்கலையும் ஒருங்கே தருகிறது. குறிஞ்சி அழகுக்காக நில்லாமல் நாவலின் கால அலகாக நிற்கிறது. கனடா நாட்டு உதவியுடன் எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தைக் கொண்டு வரலாற்றுப் பின்னணியை இன்னொரு தொடரில் உணர்த்தலாம்.

ஆக்கியோன் பற்றிய பகுதி இங்கு மிகுந்த கவனத்தை வேண்டுகிறது. முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன் படகர் அல்லர். மின்பொறியாளரான கணவரின் பணியையொட்டி நீலகிரிப் பகுதியில் வாழ்ந்து, மக்களோடு பழகிச் செய்திகளைத் திரட்டி எழுதியவர். இதனை மறைப்பதும் தவறு. மன்னிப்புக் கோரும் தொனியில் கூறுவதும் தேவையற்றது. களப்பணியே அவருடைய உரிமை என்று நேர்படக் கூறுவதே தகும். ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றமையை ஒரு தொடரில் சேர்க்கலாம்.

வழியைக் குறிக்க, தமிழில் ‘சிதைவுகள்’ என வந்துள்ள சினுவா அச்செபேயின் 1958ஆம் ஆண்டு நாவலைச் சுட்ட இடமுண்டு. ஒரு சிற்றூரின் ஒழுங்கு புறவிசையால் குலைவது இரண்டுக்கும் பொது. ஆயினும் முகவர்கள் அண்மைக்கால ஒப்புநூல்களையே விரும்புவர். எனவே இதனோடு சில ஆண்டுகளுக்குள் வெளிவந்த நூலொன்றையும் காட்டவேண்டும்.

4. உரிமை என்னும் இடர்ப்பாடு

பாயிர விதி கூறாத ஒன்று உரிமை. ராஜம் கிருஷ்ணனின் நூல்களை அவர் வாழ்ந்த காலத்திலேயே தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியது. இதனால் மொழிபெயர்ப்பாளர் மரபுரிமையர் எவரிடமும் இசைவு பெறவேண்டிய இடர் குறைகிறது. அதேவேளை மூலத்தின்மீது தனியுரிமை எவருக்கும் இல்லை. மற்றொருவரும் அதே நாவலை மொழிபெயர்க்கலாம். முகவர் விற்கக்கூடியது குறிப்பிட்ட மொழிபெயர்ப்பின் உரிமை மட்டுமே. ஆங்கிலப் பதிப்புலகில் முகவரின் பங்கு பொதுவாக உள்நாட்டு வருவாயில் 15 விழுக்காடு, பிறநாட்டு உரிமைகளில் 20 விழுக்காடு என அமைகிறது. முன்பணம் கேட்பவரை ஐயுறவேண்டும். தனியுரிமையற்ற மூலத்திற்கு முகவர் தயங்குவது இயல்பே. ஆகவே உரிமைநிலையையும் முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்பு உள்ளமையையும் மடலிலேயே கூறி, புதிய மொழிபெயர்ப்பின் தேவையை நிறுவவேண்டும். இது பாயிரத்தின் ‘காரணம்’ என்னும் உறுப்பாகும்.

5. தன்னைப் புகழ்தல்

பாயிரத்திற்கும் மடலுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே பாயிரம் கூறுதற்குரியவர். நூலாசிரியர் தாமே கூறுதல் தற்புகழ்ச்சியாகும். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் உடன்கற்றவர் என்பது மரபு. மடலையோ ஆசிரியரே எழுதவேண்டியுள்ளது. தமிழ் எழுத்தாளர் பலரிடம் காணப்படும் கூச்சத்திற்கு இம்மரபும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் நன்னூலே இதற்கு விலக்கும் வகுத்துள்ளது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையேயும், அவையில் வெல்லவேண்டிய பொழுதும், பிறர் தன்னைப் பழித்தபோதும் புலவர் தம்மைப் புகழலாம். முகவர் நம்மை அறியாதவர். மடல் அவருக்கு விடுக்கும் ஓலை. முதலிரண்டு விலக்குகளும் ஒருசேரப் பொருந்துகின்றன. ‘ஒப்பற்ற காவியம்’ எனத் தாமே தீர்ப்பளிப்பதற்கு இவ்விலக்கு இடந்தரவில்லை; ஆற்றலைச் சான்றோடு தெரிவிக்கவே இடந்தருகிறது.

6. முடிவுரை

முன்மொழிவு மடலின் உறுப்புகள் தமிழ் மரபுக்குப் புதியனவல்ல. ஆசிரியரே அதை எழுதவேண்டியிருப்பதும் உரிமைநிலையைக் கூறவேண்டியிருப்பதுமே புதியன. நீலகிரி போன்ற களங்களைச் சார்ந்த நூல்களுக்கு அம்மடலே பிறமொழி வாசகரின் முதல் அறிமுகமாகிறது. மூலத்தை அறிந்த தமிழ்த்துறையினர், உடன்கற்றோர் நிலையில் நின்று இம்மடல்களைச் சரிபார்க்க முன்வரின், பாயிர மரபின் பணியே இன்று தொடர்ந்ததாகும்.