குடிக்காதவருக்கும் ஈரல் புற்றுநோய்: மைக்ரோ ஆர்.என்.ஏ. சொல்வது என்ன?

"நாங்கள் குடிப்பதில்லையே, எங்களுக்கு எப்படி ஈரல் புற்றுநோய்?" என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். நீரிழிவும் ஈரலில் படியும் கொழுப்பும் கூட அதற்கு வழி திறந்துவிடும்.

ஒவ்வொரு கலத்துக்குள்ளும் சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன. எந்த மரபணு எவ்வளவு புரதம் செய்யலாம் என்று கடிவாளம் போடுவது இவைதான். 1993இல் ஒரு சிறு புழுவில் இவற்றைக் கண்டறிந்த ஆய்வுக்காக விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஈரலில் இவற்றுள் பெரும்பங்கு மிர்-122. ஈரல் கலத்தை ஈரல் கலமாகவே வைத்திருப்பது இது. பல புற்றுக்கட்டிகளில் இது குறைந்துபோகிறது. அத்தகைய கட்டிகள் பரவும் ஆபத்தும் கூடுதல். (வேடிக்கை என்னவென்றால், ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகுவதற்கும் இதே மிர்-122தான் தேவை.) மிர்-21 நேர்மாறு. அது அதிகரித்து, வளர்ச்சிக்குத் தடைபோடும் பீடென் மரபணுவை அடக்குகிறது.

மிர்-34ஐ மருந்தாக்கிய பரிசோதனை, கடுமையான பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. இரத்தத்தில் இவற்றை அளந்து நோயைக் கணிப்பதும் இன்னும் வழமையான சிகிச்சைக்குள் வரவில்லை. ஈரல் சிரோசிஸ் உள்ளவர்களுக்கு இன்றைக்குக் கைகொடுப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். வலி வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் கட்டி பெருத்திருக்கும்.