தீவுக்குப் போன வானொலிப் பெட்டி

உல்லாஸ்நகரிலிருந்து மூட்டை கட்டிப் புறப்படும் நம்மவர்களுக்குக் காரணங்கள் சிலவே: குலதெய்வ வழிபாடு, உறவினர் திருமணம், பள்ளி விடுமுறை. வானொலிக் கருவி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதை இயக்குவதற்காகவே தீவு தேடிச் செல்வோரும் உண்டு. அமெச்சூர் வானொலியாளர்கள் என்பது அவர்கள் பெயர், வழக்கில் 'ஹாம்'கள்.

பாட்டும் செய்தியும் ஒலிபரப்புவதன்று இவர்கள் வேலை. அரசின் உரிமமும் தனி அழைப்புக் குறியும் பெற்று, வீட்டு அறையில் இருந்தபடியே முகமறியாத இன்னொரு ஹாமுடன் உரையாடுகின்றனர். சிற்றலைகள் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், நூறு வாட் ஆற்றலே கடல் கடக்கப் போதுமானதாகிவிடுகிறது. உரையாடலுக்குச் சான்றாக க்யூ.எஸ்.எல். என்னும் அட்டையைப் பரிமாறிக்கொள்வது மரபு. இதில் ஒரு காசு வருமானமில்லை; கட்டணம் பெற்றுச் செய்தி அனுப்புவதை விதிகளே தடுக்கின்றன. வங்கி இதழில் இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

பயணம் இதில் எங்கே வருகிறது? ஹாம்கள் உலகை ஏறத்தாழ 340 பகுதிகளாகப் பட்டியலிட்டு, எத்தனை பகுதிகளுடன் பேசினோம் என்று கணக்கு வைத்துக்கொள்கின்றனர். அப்பட்டியலில் நம் நாடு ஒன்றன்று, மூன்று. பெருநிலம் ஒன்று, வி.யு.4 என்று தொடங்கும் அந்தமான் நிகோபார் மற்றொன்று, வி.யு.7 என்னும் இலட்சத்தீவு மூன்றாவது. தீவுகளிலிருந்து குரல் எழுவது மிக அரிது. யாரேனும் அனுமதி பெற்றுக் கருவியோடு அங்கே போனால்தான் மற்றவர்களின் கணக்கு நிறையும்.

1987-க்குப் பிறகு அந்தமானிலிருந்து அத்தகைய குரல் கேட்கவில்லை. பல ஆண்டு முயற்சிக்குப் பின் அனுமதி பெற்று, 2004 டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தவர் பாரதி பிரசாத். அவருக்குத் துணை நின்றது ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம். அவருடைய அழைப்புக் குறி வி.யு.4 ஆர்.பி.ஐ. (நம் வாசகர்களுக்கு அம்மூன்றெழுத்து வேறொன்றை நினைவூட்டினால் அது இயல்பே.) உலகெங்குமிருந்து ஹாம்கள் அவரை அழைத்தவண்ணம் இருந்தனர்.

டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. முதல் நாள் வரை பொழுதுபோக்காக இருந்த கருவி, அன்று தீவுகளைப் பெருநிலத்தோடு இணைக்கும் கயிறாயிற்று. உறவினரைத் தேடுவோரின் செய்திகள் அதன் வழியே சென்றன. தன்னார்வலர்கள் கார் நிகோபாருக்கும் சென்று நிலையம் அமைத்தனர். விளையாட்டுக்காக எடுத்துச் சென்ற கருவி என்பதால்தான், தேவைப்பட்ட வேளையில் அது அங்கே இருந்தது. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் ஹாம்கள் கூடினர். 2007 ஜனவரியில் இலட்சத்தீவிலிருந்தும் குரல் எழுந்தது.

தீவுகளின் கதை நமக்கு எதற்கு என்று கேட்க இயலாது. ஆழிப்பேரலைக்கு ஏழு மாதங்கள் கழித்து, 2005 ஜூலை 26 அன்று, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. இங்கே உல்லாஸ் ஆறு கரை மீறியது. ரயில்கள் நின்றன. பணிக்குச் சென்றவர் எங்கே நிற்கிறார் என்றறியாமல் கைபேசியை வெறித்தபடி எத்தனை வீடுகள் விழித்திருந்தன என்பதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹாம் கருவிக்குக் கோபுரமும் வேண்டாம், இணைப்பகமும் வேண்டாம். கார் மின்கலமும் ஒரு நீளக் கம்பியும் போதும்.

உரிமம் பெறுவது கடினமன்று. 12 வயது நிறைந்தவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதலாம். பள்ளி இயற்பியல் அறிந்தவர்க்குப் பாடம் எட்டக்கூடியதே. தேர்வில் இரு நிலைகள் உண்டு. தொடக்க நிலைக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை. உரிமமின்றி ஒலி அனுப்புவது குற்றம் என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும்.

முதல் பயணத்துக்குத் தீவு வரை போக வேண்டியதில்லை. கையடக்கக் கருவியின் அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை. ஏறி நின்றால் தொலைவு கூடும். கர்ஜத் மின்ரயிலில் நேரலில் இறங்கினால், ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் மாதேரான். வேறிடத்தில் கருவியை இயக்குவது பற்றிய விதிகளை முன்னரே பார்த்துக்கொள்வது நலம். 1907-இல் தொடங்கிய சிறுரயில் மழைக்காலத்தில் நேரலிலிருந்து ஓடுவதில்லை. ஊருக்குள் மோட்டார் வாகனங்களுக்கும் அனுமதியில்லை. ஆதலால் மின்கலத்தை எடை குறைந்ததாகப் பார்த்து வாங்கவும்.