தீவன மூட்டையிலிருந்து மனிதக் குடலுக்கு
(மருந்துக்கு அடங்காத கிருமிகள் – 9)

கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கம் நோய் தீர்ப்பதற்காகத் தொடங்கியதல்ல. 1948-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மற்றக் குஞ்சுகளைவிட அவை வேகமாக எடை போட்டன. எடை கூடினால் காசு. சில ஆண்டுகளுக்குள் கோழி, பன்றி, மாடு என எல்லாவற்றின் தீவனத்திலும் மருந்து ஏறிவிட்டது. அதுவும் நோயைக் குணப்படுத்தும் அளவில் இல்லை. மிகக் கொஞ்சமாக, நாள்தோறும். கிருமிகளை மருந்துக்குப் பழக்க இதைவிடத் தோதான வழி கிடையாது.

‘மனிதனுக்கு இதனால் என்ன கெடுதல், காட்டுங்கள்’ என்று மருந்துக் கம்பெனிகள் கேட்டன. அந்தக் கம்பெனிகளின் சங்கமே பணம் கொடுக்க, பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்டூவர்ட் லெவி 1970-களின் நடுவில் சோதனையில் இறங்கினார். இடம், மாசசூசெட்ஸின் ஷெர்போர்ன் என்ற ஊரில் ஒரு குடும்பப் பண்ணை. 300 குஞ்சுகள். பாதிக்குச் சாதாரணத் தீவனம், பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம். கோழி எச்சத்தைச் சேகரித்தார்கள். பண்ணை வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் வாராவாரம் தங்கள் மலத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். முகம் சுளிக்காமல் மாதக்கணக்கில் அதைச் செய்த அந்தக் குடும்பத்துக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது.

ஒரே வாரத்தில் மருந்து தின்ற கோழிகளின் குடலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே டெட்ராசைக்ளினுக்கு அடங்காத பாக்டீரியாக்களாகிவிட்டன. மனிதர்களிடம் அது மெதுவாக வந்தது. ஐந்தாறு மாதங்களில், பண்ணை வீட்டார் கொடுத்த மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், இருந்த பாக்டீரியாக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் மருந்துக்கு அடங்காதவை. அக்கம்பக்கத்தாரிடம் அப்படிப்பட்ட மாதிரிகள் 6.8 சதவீதம்தான். அந்த வீட்டில் யாரும் தீவனத்தைத் தின்னவில்லை. கோழிகளோடு புழங்கினார்கள், அவ்வளவே.

என்னை அதிகம் உலுக்குவது வேறொன்று. அந்தக் கிருமிகள் டெட்ராசைக்ளினோடு நிற்கவில்லை. தீவனத்தில் ஒருபோதும் கலக்காத மருந்துகளையும் அவை எதிர்த்தன. காரணம், பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம். பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் அதில் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்திலுள்ள பாக்டீரியாவுக்கு, அது வேறு இனமானாலும், கொடுத்துவிடும்.

குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. அதனால்தான் இந்த ஆபத்து கண்ணில் படுவதில்லை. மருந்துக்குப் பழகிய அதே ஈ.கோலை சிறுநீர்ப் பாதையில் ஏறும்போது, அல்லது அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தத்தில் கலக்கும்போது, வழக்கமான மருந்து கேட்காது. கோழிக்கறியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும், பயப்பட வேண்டாம். பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்குவதும், குழாயடியில் கறியை அலசும்போது சுற்றிலும் தெறிக்கும் நீரும்தான் வினை.

லெவியின் சோதனையில், தீவனத்தில் மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பண்ணைவாசிகளில் பெரும்பாலோரிடம் அந்தக் கிருமிகள் தென்படவில்லை. தீர்வும் அந்தச் சோதனையிலேயே இருந்தது. முடிவு 1976-இல் அச்சாயிற்று. மறு ஆண்டே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தீவனத்தில் பென்சிலினையும் டெட்ராசைக்ளினையும் கட்டுப்படுத்த முன்வந்தது. நாடாளுமன்றம் ‘இன்னும் ஆராயுங்கள்’ என்று முட்டுக்கட்டை போட்டது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை எடை கூட்டுவதற்காகக் கலப்பது அங்கே 2017-இல்தான் நின்றது. நாற்பது ஆண்டுகள்! எத்தனை நோயாளிகள் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

அதற்குள் கிருமிகள், மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் கொலிஸ்டின்வரை வந்துவிட்டன. அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு, பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவுவதைச் சீன விஞ்ஞானிகள் 2015-இல் அறிவித்தார்கள். உணவுக்காக வளர்க்கும் கோழிக்கும் கால்நடைக்கும் கொலிஸ்டின் கொடுக்க இந்தியா 2019 ஜூலையில் தடை விதித்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)